சாட்சியில் ஒரு திருத்தம்

பெரிய ஸ்பூனில் மாத்திரையை வைத்து, சின்ன ஸ்பூனின் முதுகால் அழுத்த வேண்டும். சத்தம் வரக் கூடாது. மாவானதும் டம்ளரில் தட்டி, மேலே சூடான காபியை ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றினால் தீர்ந்தது. ஏழு மாதம், தினமும் காலை ஆறரை மணிக்கு இதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. அன்று அவருக்கு உபவாசம்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் தேவசகாயம். கடலூர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ரிஜிஸ்டரில் எழுதும் வேலை. டிரைவர், கண்டக்டர் எல்லோரும் டைம் கீப்பர் என்பதைச் சுருக்கி டி.கே. சார் என்பார்கள். ஒரு நிமிடம் தாமதமாக வந்த வண்டியை ஒரு நிமிடம் தாமதம் என்றே எழுதுவார். கெஞ்சினாலும் சரி, டீ வாங்கிக் கொடுத்தாலும் சரி, அந்த ஒரு நிமிடம் மாறாது. தானே தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவும் மாட்டார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான நேரம், கீழே கையெழுத்து. வீட்டில் பால் கணக்கு காலண்டரில்கூட அப்படித்தான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் நான் காபியில் கலந்து கொடுத்தேன்.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. 2005இல் அண்ணனுக்கு முதலில் சுண்டுவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. அதற்கடுத்த ஈஸ்டருக்கு ஆளே இல்லை. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவள் நான். அந்த வாடை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

2009 பிப்ரவரியில் சபையில் மூன்று நாள் ஜெபக் கூட்டம் நடந்தது. கடைசி நாள் கூட்டம் முடிந்து வந்தவர், மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே இது வேணாம் அருளு."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குள்ளயே ஒரு நிச்சயம் வந்துட்டுது. கர்த்தர் தொட்டுட்டாரு."

நியாயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பாஸ்டர் பொன்னுரங்கம் மாத்திரையை நிறுத்து என்று ஒருநாளும் பிரசங்கம் பண்ணியவர் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அப்பா வைத்த பெயரை மாற்றிக்கொள்ளாத மனுஷன். அவர் ஜெபித்தார், அவ்வளவுதான். மிச்சத்தை இவர் தானாகவே முடிவு பண்ணிக்கொண்டார்.

ஒரு வாரம் சண்டை போட்டேன். அழுதேன். அண்ணனை ஞாபகப்படுத்தினேன். "அவுருக்கு விசுவாசம் பத்தல. உனக்கும் பத்தல," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாவப்பட்ட பிள்ளையிடம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் செருப்பு கடித்து அவருடைய இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அதே விரல்.

ஞானம் குறைந்தவர்கள் ஆண்டவரிடம் கேட்டால் கொடுப்பார் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள். நானும் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் பொறுமை போய் இரண்டு ஸ்பூனை எடுத்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் அவருடைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினேன். எண்ணிக் கொடுத்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "காலைல ஒண்ணு. போட்டா அரை மணி நேரத்துல சாப்புட்டுடணும். இத முழுங்கிட்டு பட்டினி கெடந்தா சக்கர ஒரேடியா எறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும். அப்பவும் ஒண்ணும் குடுக்கலன்னா ஆளே போயிடுவாரு. ஞாபகம் வெச்சுக்கம்மா." ஞாபகம் வைத்துக்கொண்டேன். மாத்திரையை வெந்தய டப்பாவின் அடியில் வைத்தேன்.

முதல் நாள் காபியைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார். "தூள் மாத்திட்டியா?"

"கட தூள்தாங்க," என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். சின்னப் பொய்கள் கணக்கில் இல்லை.

கொப்புளம் ஆறியது. தாகம் குறைந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்தது. மே மாதம் அவராகவே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தபடி ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தார். சாட்சி நேரத்தில் முன்னால் போய் நின்றார். எங்கள் சபையில் யாரும் எழுந்து போய், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். பரீட்சையில் பாஸ், பிள்ளைக்கு வரன், அறுவடைக்கு முன்னால் மழை பெய்யாமல் நின்றது என்று என்னென்னவோ சொல்வார்கள். இவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"மாத்திரைய நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. சக்கர நூத்திப் பதினெட்டு. எல்லா மகிமையும் கர்த்தருக்கே."

சபையே அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு உள்ளங்கையும் ஈரமாகிவிட்டன. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நெல்லிக்குப்பத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், போனார். பண்ருட்டிக்குப் போனார். சீட்டைப் பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். டிக்கெட் எடுத்துக்கொண்டு என் பொய் ஊர் ஊராகப் போய்வந்தது. ஒவ்வொரு காலையும் ஸ்பூனை எடுக்கும்போது நாளையோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பேன். நிறுத்தினால் கால். நிறுத்தாவிட்டால் சாட்சி. எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது தைலம்மாக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். புருஷன் இல்லாதவர், பூ கட்டி விற்கிறவர். அவருக்கும் சர்க்கரை, என் வீட்டுக்காரரைவிட ஜாஸ்தி.

"நானும் நிறுத்திட்டன் அருளு. உன் வூட்டுக்காரர் சாட்சியக் கேட்டதுலேருந்து மாத்திரையத் தொடல."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு நிறுத்துங்கக்கா."

"இன்னாடி இது? உன் வூட்லயே நடந்த அற்புதத்த நீயே நம்பலியா?"

அன்றிலிருந்து வாராவாரம் தைலம்மாக்காவின் கால்களைப் பார்ப்பதே என் ஆராதனையாகிவிட்டது. நொண்டுகிறாரா, விரலில் துணி சுற்றியிருக்கிறாரா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அந்த வாரம் மூச்சு வரும். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். இரண்டு முறையும் அரை முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எனக்குப் பூ எதற்கு? நான் தலையில் பூ வைக்கிறவளே இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் சபையும் சிதம்பரத்துச் சபைகளும் சேர்ந்து, சிதம்பரம் வண்டிகேட் பக்கத்து மண்டபம் ஒன்றில் பகல் கூட்டம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு இவருடைய சாட்சி. காலையில் வழக்கம்போல ஆறரைக்குக் காபி கொடுத்தேன். குடித்தார். இட்லி ஊற்றி ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, ரேஷன் கடையில் சீனி வந்திருக்கிறதென்று பையோடு கிளம்பினேன்.

"இட்லி வெச்சிருக்கன், சட்னி மூடியிருக்கு. சாப்புட்டுக் கெளம்புங்க," என்றேன். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ரேஷன் கடையில் வரிசை நகரவே இல்லை. வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதே முக்கால். ஹாட்பாக்ஸ் மேல் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, அவருடைய நேரான கையெழுத்தில்.

"இன்று உபவாசம். 7.40 வண்டி. திரும்புவது 6.15. செல்போன் வீட்டில்."

மூடியைத் திறந்தேன். ஆறு இட்லியும் அப்படியே இருந்தன. காபிக்குப் பிறகு ஜெபத்தில் எடுத்த முடிவாக இருக்கும். பக்கத்தில் செல்போன் அணைந்து கிடந்தது. உபவாச நாளில் சோற்றைத் தொடாததைப் போலப் போனையும் தொடமாட்டார்.

காபி உள்ளே போய் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாத்திரை எண்ணிக் கொடுத்த அம்மாவின் குரல் காதுக்குள் வரிசையாகச் சொன்னது: வேர்க்கும், நடுங்கும், கொழறும்.

பாஸ்டர் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்து நோட்டீசைத் தேடி எடுத்து அதிலிருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஸ்தோத்திரம், சொல்லுங்க சிஸ்டர்."

"நான் கடலூர்லேருந்து தேவசகாயம் சம்சாரம் பேசறன். அவுருக்கு ஏதாவது சாப்புடக் குடுங்கம்மா. சீனித் தண்ணியாவது குடுங்க."

"ஐயோ, பிரதர் உபவாசத்துல இருக்காங்க சிஸ்டர். நாமளே கெடுக்கலாமா?"

"இல்லம்மா, அவுருக்கு தல சுத்தும், அதான்."

"கர்த்தர் பாத்துக்குவாரு. நீங்களும் அங்கேருந்து ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்."

'மாத்திரை குடுத்திருக்கன்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் ஓடிப்போய்க் கொடுத்திருப்பாள். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அங்கே மேடையில் அவர் தலைகுனிய வேண்டும், நான் சபைக்குள் கால் வைக்க முடியாது என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. என் மானத்துக்காக அவர் உயிரை நான் காத்திருக்க வைத்தேன். இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது.

ரேஷன் பை கையிலேயே இருந்தது. அப்படியே வீட்டைப் பூட்டிக்கொண்டு முதுநகர் நிறுத்தத்துக்கு ஓடினேன். அகல ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலம், ரயில் கிடையாது. பத்தேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"டி.கே. சார் வூட்டம்மாதான? நான் சுப்பராயலு. உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். சீனிப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் ஆடி அசைந்து ஏறினார்கள். ஒரு கிழவர் வாழைத்தாரை மேலே போடுவதா உள்ளே வைப்பதா என்று டிரைவரோடு யோசனை நடத்தினார். எழுந்து அந்தத் தாரை நானே தூக்கி எறியலாமா என்றிருந்தது. ஜெபிக்க முயன்றேன். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. ஏழு மாதம் அவர் பேரில் பொய் நடத்திவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார். மணி பத்து ஐம்பது. பதினொன்று. பதினொன்று ஐந்து.

அவர் இப்போது வேர்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்தில் மின்விசிறி ஓடுகிறதா, கரண்ட் கட்டா? யாராவது வெயில் என்று நினைத்துக்கொண்டு விசிறுவார்கள். யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

எழுந்து சுப்பராயலுவிடம் போனேன். யாரிடம் முதலில் சொல்வேன் என்று ஏழு மாதமாக எத்தனையோ பேரை நினைத்திருக்கிறேன். ஒரு கண்டக்டரை நினைத்ததில்லை.

"தம்பி, அவுருக்குத் தெரியாம சக்கர மாத்திரைய காபில கலந்து குடுத்துட்டன். அது தெரியாம அவரு பட்டினி கெடக்கறாரு. பன்னண்டு மணிக்குள்ள நான் சிதம்பரம் போவலன்னா செத்துடுவாரு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இவ்வளவுதானா என்று இருந்தது. சுப்பராயலு ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. டிக்கெட் பையை டிரைவரிடம் கொடுத்தார், என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். குடங்களுக்கு நடுவே நடந்தோம். மறித்தவர்கள் முதலில் விடவில்லை. "வூட்டுக்காரருக்கு உசுரு ஆபத்துக்கா," என்று அவர் சொன்னதும் ஒரு பெண் தன் குடத்தை இழுத்து வழிவிட்டாள். அந்தப் பக்கம் சிதம்பரத்திலிருந்து வந்து சிக்கிய வண்டி ஒன்று திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் டிரைவரிடம் சுப்பராயலு என்னை ஒப்படைத்தார்.

"டி.கே. சாரு ஒரு நிமிஷங்கூட எனக்கு விட்டுக்குடுத்ததில்லம்மா," என்றார். "ஆனா ஒரு நிமிஷம் ஜாஸ்தியாவும் எழுதனதில்ல. ஓடுங்க."

வண்டிகேட்டில் இறங்கும்போது பன்னிரண்டு பத்து. மண்டபத்து ஒலிபெருக்கியில் அவருடைய குரல் ரோடு வரைக்கும் கேட்டது. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி குரலைக் கவனித்தேன். குடித்தவனுடைய நாக்கு மாதிரி தடித்துப்போயிருந்தது.

"மே மாசம்... மே மாசம்... நூத்தி... மே மாசம்..."

உள்ளே ஐந்நூறு பேர் இருப்பார்கள். மேடையில் அவர் நின்றார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையிலிருந்த சீட்டு படபடவென்று ஆடியது. கண் எங்கேயோ பார்த்தது. ஜனங்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் உயர்த்தினார்கள். "அபிஷேகம் எறங்குது பாரு," என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

நான் மேடையில் ஏறினேன். யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டேன். பையிலிருந்து ஒரு கை சீனியை அள்ளி அவர் வாயில் வைத்தேன். உதட்டை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"உபவா..." என்றார்.

"முழுங்குங்க. உங்க கால்ல வுழறன், முழுங்குங்க."

அவர் முழங்கால் மடங்கியது. நாற்காலியில் சாய்த்து, பிரசங்க மேசையிலிருந்த தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்கி வாயில் ஊற்றினேன். பாதி சட்டையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. பாஸ்டர் பொன்னுரங்கம் ஓடி வந்தார், கையில் மைக்கோடு.

"சிஸ்டர், இன்னா பண்றீங்க?"

"காபில மாத்திரை கலந்து குடுத்திருக்கன் பாஸ்டர். தெனமும். ஏழு மாசமா. அவுருக்குத் தெரியாது."

அவர் உள்ளங்கையால் மைக்கை மூடினார். "அப்ப அந்த ரிப்போர்ட்டு?"

"மாத்திரையோட ரிப்போர்ட்டு."

கூட்டத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மொதல்ல டாக்டர்ட்ட கொண்டுபோவோம். இந்த விஷயத்த கீழ போயி நம்ம நாலு பேர் பேசிக்கலாம் சிஸ்டர்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்போதுதான் மூன்றாவது வரிசையில் தைலம்மாக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடி, இரண்டு கையும் தூக்கி, ஆடிக்கொண்டிருந்தார். வலது காலின் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"கீழ போனா அவங்களுக்குக் கேக்காது பாஸ்டர்," என்றேன்.

அவர் அந்தத் திசையில் பார்த்தார். மைக்கின் மேலிருந்த உள்ளங்கையை எடுத்தார். மைக்கை என் வாயருகே அவரே பிடித்துக்கொண்டார்.

என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. கூட்டம் அடங்கியதும் மின்விசிறிச் சத்தம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "அவரு பொய் சொல்லல, நாந்தான் சொன்னன்," என்றேன். "இவுரு சாட்சியக் கேட்டு யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தீங்கன்னா, இன்னிக்கே டாக்டர்ட்ட போங்க. தைலம்மாக்கா, நீங்க மொதல்ல போங்க." பின்னாலிருந்து ஒருவர் ஏதோ திட்டினார். தைலம்மாக்காவின் கைகள் மெதுவாகக் கீழே வந்தன. குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

திரும்பினேன். என் வீட்டுக்காரருக்குக் கண் தெளிந்திருந்தது. மீசையில் சீனி ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

பக்கத்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார்கள். பாஸ்டர் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஞாயித்துக்கெழம கூடவா?"

"ஆமாங்க."

"அப்ப ஏழு மாசமா நான் எதுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்?"

"கால் புண்ணு ஆறுச்சில்லீங்களா," என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். சண்டை வந்திருந்தால் தேவலை. மறுநாள் காலை ஆறரைக்கு மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒன்றை எடுத்தார், தண்ணீரில் முழுங்கினார், அரை மணி நேரத்தில் இட்லி சாப்பிட்டார். காபி வைத்தேன். தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு காபி குடிக்கிற மனுஷன், வீட்டில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார். சாப்பாட்டை என் கையால் வாங்கிச் சாப்பிட்டார், பேசினார், கரண்டு பில் கட்டினார். காபி மட்டும் இல்லை. முன்பு கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை, அப்படியும் ஆறிப்போன காபியைக் காலைதோறும் கொட்டினேன்.

தைலம்மாக்காவுக்குச் சர்க்கரை நானூற்று இருபது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்க்கப் போனேன். என்னை நிற்க வைத்தே பேசினார். "ரெண்டு வாட்டி வாசல்ல வந்து நின்னியே, பூவா வேணும்னு வந்த?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நான்காவது ஞாயிறு, சபையில் சாட்சி நேரம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் சரியாகச் சாட்சி சொல்ல வரவில்லை. சொன்னாலும் பயந்து பயந்துதான். அன்று இவர் எழுந்தார். முன்னால் போய், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ரிஜிஸ்டர் படிக்கிற குரலில் படித்தார்.

"மே மாசம் இருபத்திநாலாம் தேதி இதே எடத்துல நான் சொன்ன சாட்சியில ஒரு திருத்தம். மாத்திரை இல்லாம சொகமானேன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு கோடு. மாத்திரை போட்டுக்கிட்டு சொகமா இருக்கறேன். இதான் சரி."

நிறுத்தினார். காகிதத்தில் அதோடு முடிந்துவிட்டது போல. மடித்துப் பையில் வைத்துவிட்டு, எழுதாததைச் சொன்னார்.

"என் சம்சாரம் எங்கிட்ட பொய் சொன்னா. அது தப்பு. பொய் சொன்னாத்தான் என்னக் காப்பாத்த முடியும்ங்கற எடத்துல அவள வெச்சது நான். அது என் தப்பு. தைலம்மாக்கா விரலுக்கு நாங்க ரெண்டு பேரும் ஆண்டவர்ட்ட பதில் சொல்லணும். உசுரோட இருக்கறதுக்கு அவுருக்கு ஸ்தோத்திரம். தேவசகாயம்."

கையெழுத்துப் போடுகிற மாதிரி பெயரையும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து தைலம்மாக்காவின் குரல் மட்டும் வந்தது. "ஆமென்."

மறுநாள் திங்கட்கிழமை. ஆறரைக்கு அவர் முன்னறையில் மாத்திரையை முழுங்கும் சத்தம் கேட்டது. சொம்பைக் கீழே வைத்தார்.

"அருளு," என்றார். "காபி போடேன்."

பாலைச் சுட வைத்தேன். ஸ்பூன் டப்பாவில் கை போனபோது கை தானாக நின்றது. டிகாஷனை ஊற்றி, ஆற்றினேன். அவர் எழுந்து வந்து சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன். அவர் கண்ணை மூடி, எப்போதும்போல ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். பிறகு எடுத்துக் குடித்தார்.

டம்ளரைக் கழுவ எடுத்தபோது அடியில் ஒரு சொட்டும் இல்லை.